குறைந்த செலவில் கல்யாணம்: இலைக் கணக்கிலிருந்து தைத்துப் போடும் உடை வரை, எதை எப்போது செய்வது

எங்கள் வீட்டுக் கல்யாணக் கணக்கு நோட்டை நான்தான் வைத்திருந்தேன். அதற்குப் பிறகு சொந்தத்திலும் தெரிந்த வீடுகளிலும் கல்யாணம் வந்தால் நோட்டுப் போட்டுக் கொடுக்கச் சொல்லி என்னிடம் வருகிறார்கள். பட்ஜெட் உடைகிற வீடுகளில் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: மூன்றாவதாகச் செய்ய வேண்டியதை முதலில் செய்துவிடுகிறார்கள். அதனால் இதை வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

இது திருச்சி, தஞ்சாவூர் பக்கத்துச் சாதாரண இந்துக் கல்யாணத்தை மனதில் வைத்து எழுதியது. முதல் நாள் மாலை ரிசப்ஷன், மறுநாள் காலை முகூர்த்தம், 250 இலை அளவு. விலைகள் எல்லாம் உதாரணம்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொடங்கும் முன் கையில் வேண்டியவை

ஒரு நீள நோட்டு, அதற்கு ஒரே ஒரு பொறுப்பாளர். இரண்டு பேர் இரண்டு இடத்தில் கணக்கு எழுதினால் முன்பணம் எங்கே போனது என்று கடைசி வாரத்தில் தேட வேண்டிவரும். பெண், மாப்பிள்ளை இருவரின் ஆதார், பிறப்புச் சான்று அல்லது பள்ளிச் சான்றிதழ் நகல்களையும் இப்போதே எடுத்து வையுங்கள். கோயிலிலும் பதிவு அலுவலகத்திலும் கேட்பார்கள். பெயர் எழுத்து எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே திருத்தக் கொடுங்கள். அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

1. யார் எதற்குக் கொடுப்பது என்று எழுதுங்கள்

முதல் பக்கத்தில் மொத்தப் பணம். கையில் இருப்பது, வரும் என்று உறுதியாகத் தெரிந்தது, இவை மட்டும். மொய்யை வரவில் எழுத வேண்டாம். எவ்வளவு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தாலும் நாளைக்கு அவர்கள் வீட்டு விசேஷத்தில் திருப்பி வைக்க வேண்டிய பணம் அது. மொய்யை நம்பிச் சமையல்காரருக்குப் பாக்கி வைத்த வீடுகளில், கல்யாணத்தன்று மாலையே உறவினர்களிடம் கைமாற்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன்.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு மீதிக்குத்தான் திட்டம். 5 லட்சம் என்றால் உங்கள் பட்ஜெட் 4.5 லட்சம். அந்த 50,000 பற்றி வீட்டில் நிறையப் பேருக்குத் தெரிய வேண்டாம்.

அடுத்து இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டியது. பல குடும்பங்களில் முகூர்த்தப் புடவையும் தாலியும் மாப்பிள்ளை வீட்டுச் செலவு, முகூர்த்தச் சாப்பாடு பெண் வீட்டுச் செலவு. ரிசப்ஷன் மட்டும் ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். 'அது அவங்க பாத்துப்பாங்க' என்று இரண்டு பக்கமும் விட்டுவிடும் செலவுகள் சில எப்போதும் உண்டு: நாதஸ்வரம், வெளியூர்க்காரர்களுக்கு ரூம், வேன், தாம்பூலப் பை, ரிசப்ஷன் மாலை. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு பெயர் இருக்க வேண்டும். பாதிப் பாதி என்று முடிவானால், எந்த பில்லில் பாதி என்பதையும் எழுதுங்கள்.

2. இலைக் கணக்கு

மண்டபம் பார்க்கப் போகும் முன் இதை முடியுங்கள். மண்டபத்தின் அளவு, சாப்பாடு, பத்திரிகை, தாம்பூலப் பை எல்லாம் இதிலிருந்துதான் வரும். பெரிய மண்டபத்தை முதலில் பிடித்துவிட்டால் அதை நிரப்பவே ஆள் கூப்பிடத் தோன்றும்.

பத்திரிகையை எண்ணாதீர்கள், தலையை எண்ணுங்கள். ஒவ்வொரு குடும்பத்துக்கும் எதிரே மூன்று கட்டம் போடுங்கள்: ரிசப்ஷனுக்கு எத்தனை பேர், காலை டிபனுக்கு எத்தனை பேர், முகூர்த்தச் சாப்பாட்டுக்கு எத்தனை பேர். ஆபீஸ் ஆட்கள் மாலையோடு சரி. வெளியூர்ச் சொந்தம் மூன்று வேளையும் இருக்கும். உள்ளூர்க்காரர்கள் டிபனுக்கு வருவது குறைவு, முகூர்த்த நேரத்துக்கு வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார்கள்.

ஒரு கணக்குப் பாருங்கள். ரிசப்ஷன் 250 இலை, இலைக்கு 220 ரூபாய் என்றால் 55,000. டிபன் 100 இலை, 110 ரூபாய் வீதம் 11,000. முகூர்த்தச் சாப்பாடு 180 இலை, 250 ரூபாய் வீதம் 45,000. மொத்தம் 1,11,000. மூன்று வேளைக்கும் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று ஐம்பது ஐம்பது இலை கூட்டினால் 29,000 ஏறிவிடும். ஒரு நல்ல பட்டுப்புடவையின் விலை அது. எதிரில் யாரும் உட்காராத இலைக்குப் போய்விடுகிறது.

பட்டியலை வெட்டுவது கஷ்டமான வேலை, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இங்கே வெட்டாத செலவை அப்புறம் புடவையிலும் போட்டோவிலும் வெட்ட வேண்டிவரும்.

3. நாளும் மண்டபமும் சேர்த்து

பொதுவாக ஜோசியரிடம் போய் ஒரே ஒரு நாளை வாங்கிக்கொண்டு வந்து, அந்த நாளில் எந்த மண்டபம் காலி என்று அலைவார்கள். மண்டபக்காரருக்கு அது தெரியும், வாடகையில் ஒரு ரூபாய் இறங்க மாட்டார். ஜோசியரிடம் மூன்று நான்கு நாள் கேளுங்கள். அதில் ஒன்றிரண்டு வார நாளாகவும், தேய்பிறை முகூர்த்தமாகவும் இருந்தால் நல்லது. தையிலும் வைகாசியிலும் வரும் ஞாயிற்றுக்கிழமை வளர்பிறை முகூர்த்தத்துக்கு மண்டபம், நாதஸ்வரம், போட்டோ, பூ என்று எல்லாமே விலை ஏறி நிற்கும். ஆடி, மார்கழியில் கல்யாணம் இல்லை என்பதால் அதற்கு முன்னும் பின்னும் உள்ள மாதங்களில் நெரிசல் அதிகம்.

மண்டபத்தில் 'வாடகை எவ்வளவு' என்று மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். இவற்றைக் கேட்டு எழுதி வாங்குங்கள்:

- எத்தனை மணியிலிருந்து எத்தனை மணி வரை, தாண்டினால் மணிக்கு எவ்வளவு
- மின்சாரம் யூனிட் கணக்கா, ஜெனரேட்டர் டீசல் யார் செலவு
- கேஸ், பாத்திரம், துப்புரவுக்குத் தனிப் பணமா
- வெளிச் சமையல்காரரையும் வெளி டெக்கரேஷனையும் விடுவார்களா, அதற்குக் கட்டணம் உண்டா
- 18 சதவீத ஜி.எஸ்.டி சொன்ன விலைக்கு உள்ளேயா வெளியேயா
- நாள் மாறினால் முன்பணம் என்ன ஆகும்

கடைசிக் கேள்வியைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். சொந்தத்தில் சாவு வந்து கல்யாணம் தள்ளிப்போவது எந்த வீட்டிலும் நடக்கலாம்.

கோயிலில் தாலி கட்டிவிட்டு, பக்கத்தில் சின்ன ஹாலில் சாப்பாடு வைப்பது நல்ல சிக்கனம். வயலூர் முருகன் கோயிலில் முகூர்த்த நாளன்று வரிசையாகத் தாலி கட்டுவதைப் பார்க்கலாம். கோயில் அலுவலகத்தில் வயதுச் சான்று, முகவரிச் சான்று, திருமணமாகாதவர் என்ற சான்று, பத்திரிகை ஆகியவற்றைக் கேட்பார்கள். கோயிலுக்குக் கோயில் பட்டியல் மாறும், நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். பெண்ணுக்கு 18, மாப்பிள்ளைக்கு 21 முடிந்திருக்க வேண்டும். வசதி ரொம்பக் குறைவான குடும்பம் என்றால், இந்து சமய அறநிலையத் துறை 4 கிராம் தங்கத் தாலியும் சீர்வரிசையும் கொடுத்துக் கோயில்களில் நடத்திவைக்கும் இலவசத் திருமணத்துக்கு விண்ணப்பிக்கலாம்.

4. சாப்பாடு

இரண்டு வழி. ஒன்று, இலைக்கு இவ்வளவு என்று கான்ட்ராக்ட். இன்னொன்று, சமையல் மாஸ்டருக்குக் கூலி, மளிகையும் காய்கறியும் நாமே வாங்கிப் போடுவது. இரண்டாவது மலிவு என்பார்கள். ஸ்டோர் ரூம் சாவியை இரண்டு நாளும் இடுப்பில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார வீட்டில் ஆள் இருந்தால் மட்டும்தான் அது மலிவு. அப்படி ஒரு சித்தப்பாவோ மாமாவோ இல்லாத வீடு கான்ட்ராக்டுக்கே போகலாம். 200 இலைக்குள் என்றால் யோசிக்கவே வேண்டாம், கான்ட்ராக்ட்தான்.

கான்ட்ராக்டில் சொல்லும் எண்ணிக்கைக்கு எப்படியும் பணம் கொடுக்க வேண்டும். அதனால் உங்கள் கணக்கைவிடச் சற்றுக் குறைத்துச் சொல்லி, 'கூடினால் எத்தனை இலை வரை சமாளிப்பீர்கள், அந்த இலைக்கு என்ன விலை' என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பரிமாறுகிறவர்கள், போட்டோக்காரர்கள், மேளக்காரர்கள் சாப்பிடும் இலை கணக்கில் வருமா என்பதையும் பேசிவிடுங்கள். கல்யாணத்தன்று பந்தி வாசலில் வீட்டுப் பையன் ஒருவன் நின்று, ஒவ்வொரு பந்திக்கும் எத்தனை இலை என்று குறித்துக்கொள்ளட்டும். அவர்கள் ஆளும் எண்ணுவார். இரண்டு எண்ணும் அங்கேயே ஒத்துப்போக வேண்டும். மறுநாள் பேசினால் சண்டைதான்.

மெனுவில் ஐட்டத்தைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். இருபது ஐட்டம் வைத்த இலையில் பாதி குப்பைக்குப் போகிறது. சாம்பாரும் ரசமும் பாயசமும் நன்றாக இருந்தால் ஊரில் பேசுவார்கள்.

5. தாலியும் நகையும்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு பவுன் 8 கிராம். கடைக்குக் கடை தங்க விலை ஏறக்குறைய ஒன்றுதான், வித்தியாசம் சேதாரத்திலும் செய்கூலியிலும் இருக்கிறது. 'எல்லாம் சேர்த்து, 3 சதவீத ஜி.எஸ்.டி போட்டு, கடைசியாக எவ்வளவு' என்று கேட்டு, அந்தத் தொகையை வைத்துக் கடைகளை ஒப்பிடுங்கள். 916 முத்திரையோடு (22 காரட் தங்கம் என்று காட்டுவது) எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி குறியீடு இருக்க வேண்டும், ஒவ்வொரு நகைக்கும் தனியாகக் கொடுக்கும் அடையாள எண் அது, பி.ஐ.எஸ் கேர் செயலியில் போட்டால் விவரம் வரும். ரிசப்ஷனுக்குக் கவரிங் அல்லது வாடகை நகை போதும்.

ஜாக்கெட் கழுத்து வெட்டும் முன் நகை முடிவாகியிருக்க வேண்டும். காரணம் ஏழாம் பகுதியில்.

6. முகூர்த்தப் பட்டு

கல்யாணத்துக்கு மூன்று மாதம் முன்பே புடவையை வாங்கிவிடுங்கள். ஜாக்கெட் வேலைக்கு மட்டும் இரண்டு மாதம் தேவை. புடவை தாமதமானால் அந்த அவசரத்தின் செலவு தையல் கூலியில் ஏறும்.

பட்டின் விலை முக்கியமாக ஜரிகையிலும் எடையிலும் இருக்கிறது. அசல் ஜரிகை வெள்ளி இழையில் தங்க முலாம் பூசியது. டெஸ்டட் ஜரிகைக்கு உள்ளே செம்பு. பட்டு அசலாகவும் ஜரிகை டெஸ்டட் ஆகவும் உள்ள புடவை பாதி விலைக்கும் கீழே கிடைக்கும். தூரத்தில் நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. அதை வாங்குவதில் தப்பே இல்லை. அசல் ஜரிகை விலை கொடுத்து அதை வாங்கிவருவதுதான் தப்பு. பில்லில் ஜரிகை வகையை எழுதச் சொல்லுங்கள், அசல் பட்டு என்று காட்டும் சில்க் மார்க் லேபிள் பாருங்கள். சந்தேகம் இருந்தால் ஓரத்தில் பாவு நூல் (நீளவாக்கில் ஓடுவது) ஒன்று, ஊடு நூல் (குறுக்கே ஓடுவது) ஒன்று உருவிக் கொளுத்திப் பார்க்கலாம். பட்டு என்றால் முடி கருகும் வாசனை வரும், சாம்பல் விரலில் பொடியும். செயற்கை நூல் உருகிக் கெட்டியாகும். இரண்டு நூலையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் கலப்பு ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கலாம்.

காஞ்சிபுரம் மட்டும்தான் என்று நிற்க வேண்டாம். கும்பகோணம் பக்கத்தில் திருபுவனம் இருக்கிறது, நெசவாளர் கூட்டுறவுச் சங்கக் கடையிலேயே வாங்கலாம். ஆரணிப் பட்டு எடை குறைவு, விலையும் குறைவு. கோ-ஆப்டெக்ஸில் தள்ளுபடி நேரம் பார்த்துப் போகலாம்.

கடைக்கு அதிகபட்சம் நான்கு பேர். பெண், இரண்டு அம்மாக்கள், பணம் கொடுப்பவர். எட்டுப் பேர் போனால் எட்டுப் புடவையோடு வருவீர்கள்.

7. முகூர்த்த ஜாக்கெட்: வரிசை தவறினால் துணி போச்சு

புதிதாகச் செய்கிறவர்கள் ரொம்பத் தடுமாறும் இடம் இது. புடவையோடு வரும் ஜாக்கெட் பிட் ஒன்றுதான், கெட்டால் அதே நிறத்தில் வேறு துணி கிடைக்காது. வேலை போக வேண்டிய வரிசை:

முதலில் அளவு. அளவு எடுக்கும்போது கல்யாணத்தன்று போடப் போகும் உள்ளாடையையே போட்டிருக்க வேண்டும். அது மாறினால் மார்பு டார்ட் (வடிவத்துக்காகப் பிடிக்கும் மடிப்புத் தையல்) நிற்கும் இடம் மாறும். பழைய அளவு ஜாக்கெட்டைக் கொடுத்துவிட்டு வருவது சாதாரண ஜாக்கெட்டுக்குச் சரி, கல்யாண ஜாக்கெட்டுக்கு உடம்பில் அளவெடுங்கள்.

அடுத்து மாதிரி. மலிவான காடாத் துணியில் அதே வெட்டில் ஒன்று தைத்துப் போட்டுப் பார்ப்பது. நூறு இருநூறு ரூபாய் ஆகும். பிரின்சஸ் கட் மாதிரிப் பழகாத வெட்டு என்றால் இது கட்டாயம். கழுத்து எவ்வளவு இறக்கம் என்பதை இப்போதே நகையைப் போட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள். அட்டிகை கழுத்து ஓரத்து வேலைமேல் உட்கார்ந்தால் இரண்டுமே தெரியாது.

மூன்றாவது மார்க்கிங். டெய்லர் பட்டுத் துணியில் முன், முதுகு, கை எல்லாவற்றையும் வரைந்து கொடுப்பார், வெட்ட மாட்டார். வெட்டிய துணியை ஆரி (கொக்கி ஊசியால் மணி, கல் வைத்துப் போடும் எம்பிராய்டரி) சட்டத்தில் இழுத்துக் கட்ட முடியாது.

நான்காவதுதான் ஆரி வேலை. ஆரி போடுகிறவரிடம் ஒன்று சொல்லுங்கள்: தையல் கோட்டிலிருந்து அரை இன்ச் உள்ளே தள்ளியே மணியும் கல்லும் இருக்க வேண்டும். தையலுக்குள் மணி மாட்டினால் மிஷின் ஊசி உடையும். பின்னால் பிரித்துப் பெரிதாக்கவும் முடியாது.

ஐந்தாவது, வெட்டித் தைப்பது. லைனிங் காட்டன் என்றால் நனைத்துக் காயவைத்த பிறகு வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வியர்வையிலேயே சுருங்கி மேல் துணி பொங்கி நிற்கும். பக்கவாட்டில் ஒன்றரை இன்ச் உள்தையல் விடச் சொல்லுங்கள். கல்யாண அலைச்சலில் பெண் இளைப்பதும் உண்டு, விருந்து சாப்பிட்டு ஒரு சுற்றுக் கூடுவதும் உண்டு.

டெய்லரும் ஆரி போடுகிறவரும் வேறு வேறு ஆள் என்றால், மார்க்கிங் செய்த டெய்லரே தைக்கவும் வேண்டும். ஒருவர் கோட்டில் இன்னொருவர் வெட்டினால் கையின் டிசைன் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். கைக்கு வேலை போட்ட துணி நெகிழாது, கனமும் கூடும். அதனால் கைச்சுற்றளவில் அரை இன்ச் தளர்வு வையுங்கள்.

எங்கே காசைப் போடுவது? கடையில் காட்டும் படங்களில் முதுகு முழுக்க மயிலும் யானையுமாக இருக்கும். முகூர்த்தத்தில் அந்த முதுகின்மேல் ஜடையும் பூவும் மாலையும் கிடக்கும். முன்பக்கத்தை முந்தானையும் மாலையும் மூடிவிடும். போட்டோ எல்லாவற்றிலும் தெரிவது கை ஒன்றுதான். மாலை மாற்றும்போதும், மணையில் உட்கார்ந்திருக்கும்போதும், தாலி கட்டும்போதும் தெரிவது கைதான். முழங்கை வரை கையில் நல்ல வேலை, கழுத்துச் சுற்றி ஒரு ஜரிகை வரி. இதோடு நிறுத்தினால் ஆரிக் கூலி ஏறக்குறைய பாதியாகும்.

கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது முதல் ட்ரையல். கண்ணாடி முன் நின்று பார்த்தால் போதாது. மாலை போடுவது மாதிரி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்குங்கள், ஜாக்கெட் இடுப்பிலிருந்து மேலே ஏறுகிறதா? தரையில் சம்மணம் போட்டு உட்காருங்கள். குனிந்து ஒருவர் காலைத் தொடுங்கள், கொக்கி திறந்துகொள்கிறதா? குறைகளைச் சொல்லித் திருத்தி, பத்து நாள் இருக்கும்போது வீட்டுக்கே கொண்டுவந்துவிடுங்கள். முகூர்த்த சீசனில் 'முந்தின நாள் சாயங்காலம் வாங்கிக்கங்க' என்று சொல்லும் டெய்லரிடம் ஆரம்பத்திலேயே ஒரு வாரம் முந்தைய தேதியைச் சொல்லிவைப்பது என் வழக்கம்.

புடவைக்கு ஃபால்ஸ், ஓரம் அடிப்பது, குச்சம் எல்லாம் இந்த இடைவெளியில் நடக்கட்டும். ஜாக்கெட் பிட்டை வெட்டி எடுத்த பிறகுதான் குச்சம் போட முடியும்.

8. ரிசப்ஷன் உடை: தைப்பதா, வாடகையா

மூன்று மணி நேரம் போடும் லெஹங்காவுக்கு முகூர்த்தப் பட்டு விலை கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் முன் வைப்புத் தொகை, கறைக்குப் பிடிக்கும் பணம், அளவு திருத்த அனுமதி உண்டா என்று பார்க்க வேண்டும். தைப்பதென்றால் மலிவாக முடிக்க நல்ல வழி, அம்மாவின் பழைய பட்டுப்புடவை.

பீரோவில் கிடக்கும் புடவையை முதலில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் இருந்த இடங்களில் ஒளி ஊசிக்கோடாக உள்ளே வந்தால் பட்டு அங்கே விட்டுப்போயிருக்கிறது. இரண்டு விரலால் லேசாக இழுத்துப் பாருங்கள். பிரிந்தால் அந்தப் புடவை வேண்டாம். இதைப் பார்க்காமல் தைக்கக் கொடுத்து, உட்கார்ந்து எழும்போது பின்பக்கம் கிழிந்தால் ரிசப்ஷன் நடுவில் மாற்று உடை தேட வேண்டும்.

நல்லபடி இருந்தால் வெட்டு முக்கியம். புடவையில் பார்டர் நீளவாக்கில் ஓடுகிறது. புடவையின் அகலம்தான் பாவாடையின் உயரமாக வரும், பார்டர் கீழே சுற்றிலும் நிற்கும். அதனால் மடிப்பு வைத்தோ சுருக்கு வைத்தோதான் தைக்க வேண்டும். குடை மாதிரி விரியும் களி வெட்டு கேட்டால் பார்டர் துண்டு துண்டாகிவிடும். களி வெட்டுத்தான் வேண்டும் என்றால் பார்டர் இல்லாத துணி எடுத்து, பார்டரைத் தனியாக வாங்கிப் பிடித்துத் தைக்கலாம். ஐந்தரை மீட்டர்ப் புடவையில் நான்கு மீட்டர் பாவாடைக்கு, முந்தானை ஜாக்கெட்டுக்கு என்று பிரித்தால் அழகாக அமையும். தாவணிக்கு மட்டும் நெட் அல்லது ஆர்கன்சா இரண்டரை மீட்டர் புதிதாக வாங்கினால் போதும்.

உயரம் அளக்கும்போது அன்று போடும் செருப்பைப் போட்டிருக்க வேண்டும். பாவாடை விரிந்து நிற்க உள்ளே கேன்கேன் நெட் வைப்பதானால் அதைக் கட்டிக்கொண்டு அளக்க வேண்டும், ஏனென்றால் நெட் துணியைத் தூக்கி, உயரத்தைக் குறைக்கும். கீழே இரண்டு இன்ச் மடித்துத் தைக்கச் சொல்லுங்கள். இடுப்பில் நாடா மட்டும் போதாது, பட்டையான கேன்வாஸ் பெல்ட்டும் கொக்கியும் வேண்டும்; கனத்தில் நாடா இறங்கிக்கொண்டே இருக்கும்.

டெய்லரிடம் கேட்காமல் துணி வாங்கிவிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. எத்தனை மீட்டர், எத்தனை இன்ச் அகலம், லைனிங் எவ்வளவு என்று அவர் கையால் எழுதி வாங்கிக்கொண்டு கடைக்குப் போங்கள்.

9. மாப்பிள்ளைக்கும் வீட்டாருக்கும்

முகூர்த்தத்துக்குப் பட்டு வேட்டி, சட்டை. ரிசப்ஷன் கோட்டை வாடகைக்கு எடுங்கள். தைத்த கோட்டை மறுபடி போட்ட மாப்பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அலுவலகத்துக்குப் போடுவார் என்றால் தைக்கலாம்.

சொந்தத்துக்கு எடுக்கும் துணிப் பட்டியல்தான் சத்தமில்லாமல் வீங்கும். யாருக்கெல்லாம் எடுப்பது, ஆளுக்கு எவ்வளவு வரை என்று முன்பே எழுதி, ஒரே நாளில் ஒரே கடையில் முடித்துவிடுங்கள். ஒரு அத்தைக்கு எடுத்து இன்னொரு அத்தைக்கு விட்டுப்போனால் அதைச் சரிசெய்ய விலை கூடின புடவைதான் எடுக்க வேண்டிவரும்.

10. பத்திரிகை, போட்டோ, மேடை

நாள், மண்டபம் இரண்டுக்கும் ரசீது கைக்கு வந்த பிறகே பத்திரிகை அச்சுக்குப் போகட்டும். பெரியவர்களுக்கும் நேரில் வைக்க வேண்டியவர்களுக்கும் மட்டும் அச்சு, மற்றவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பி ஒரு போன் செய்தால் யாரும் கோபிப்பதில்லை. பெண், மாப்பிள்ளை பெயரும் இனிஷியலும் ஆதாரில் உள்ளபடியே இருக்கட்டும். கல்யாணப் பதிவுக்கு இந்தப் பத்திரிகையும் ஓர் ஆவணம்.

போட்டோவில் ஆல்பம்தான் செலவு. ஷீட் எண்ணிக்கையைக் குறைத்து ஒரே ஆல்பம் போடுங்கள், எடுத்த படம் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்கில் கேளுங்கள். எப்போது தருவார் என்பதை எழுதி வாங்கி, கடைசித் தவணைப் பணத்தை அதுவரை நிறுத்திவையுங்கள். மேடைக்கு ரிசப்ஷன் அலங்காரத்தையே சின்ன மாற்றத்தோடு முகூர்த்தத்துக்கும் வைக்கச் சொல்லலாம். பூ விலை முகூர்த்த நாளில் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. மாலைக்கும் ஜடைக்கும் மட்டும் அசல் பூ போதும்.

11. கடைசிப் பத்து நாள்

இனிமேல் புதிதாக எதையும் வாங்காதீர்கள். பாக்கி கொடுக்க வேண்டிய ஒவ்வொருவருக்கும் ஒரு கவர்: மேலே பெயர், கொடுத்த முன்பணம், மீதி. உள்ளே எண்ணி வைத்த பணம். சமையல், மேளம், புரோகிதர், மேக்கப், டிரைவர், மண்டப வாட்ச்மேன் எல்லோருக்கும். கவர்கள் வைத்த பெட்டியைப் பெண்ணின் அப்பாவிடம் கொடுக்காதீர்கள். அவர் மேடையில் இருப்பார், பணம் கேட்டு ஆட்கள் மேடைக்கே வருவார்கள். நிதானமான ஒரு மாமாவிடம் கொடுங்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு தரட்டும்.

தனியே ஒரு பை: ஊக்கு, ஊசி, ஜாக்கெட் நிற நூல், உதிரிக் கொக்கி, சின்னக் கத்தரி, வெள்ளைத் துணி, இஸ்திரிப் பெட்டி. ஆரி வேலையின்மேல் நேராக இஸ்திரி வைக்காமல் திருப்பிப் போட்டு, மேலே அந்தத் துணியை விரித்துத் தேய்க்க வேண்டும். முகூர்த்தப் புடவையை முந்தின நாளே மடிப்பு வைத்துத் தேய்த்து வைத்துவிட்டால் விடியற்காலை அரை மணி நேரம் மிச்சம்.

12. பதிவு

தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம், 2009 படி எந்த மதத்துக் கல்யாணமாக இருந்தாலும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தாண்டினால் தாமதக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும். பதிவுத் துறை இணையதளத்தில் விண்ணப்பத்தை நிரப்பி, நாள் குறித்துக்கொண்டு, கல்யாணம் நடந்த இடத்துக்கோ, பெண் அல்லது மாப்பிள்ளை வசிக்கும் இடத்துக்கோ உரிய சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இருவரும் சாட்சிகளோடு போக வேண்டும். பத்திரிகை, வயது மற்றும் முகவரிச் சான்றுகள், போட்டோ, கோயில் அல்லது மண்டப ரசீது எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு, மறுவீடு முடிந்த வாரமே போய்விட்டு வாருங்கள். சாட்சிகள் ஊருக்குக் கிளம்பிவிட்டால் மறுபடி கூட்டிவருவது பெரும்பாடு, அவர்களுக்குப் பஸ் காசும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.